அலமாரி முன்னே, பொண்ணு பின்னே

மோன்வில், நார்மண்டி
9 பிப்ரவரி 1927

அந்தெல்ம் ஐயாவுக்கு,

ஃபிலோமென் எழுதிக்கிறது. நான் சுகம், கோழிங்களும் சுகம். புள்ளிக்கோழி ஒண்ணு மட்டும் பாரிசுலேருந்து வந்ததுலேருந்து முட்டை வைக்கல. பெரிய ஊரைப் பார்த்துட்டு வந்தா சிலதுக்குத் தலைக்கனம் ஏறிடுது. எங்க பக்கத்து வீட்டு லூசியும் அப்படித்தான், ஒரே ஒரு தடவை பாரிசு போய்ட்டு வந்தா, அதுலேருந்து மோர் குடிக்கிறதில்ல. அது போகட்டும்.

கோழிக் கண்காட்சியில உங்க கூண்டும் என் கூண்டும் பக்கத்துல பக்கத்துல நாலு நாள் இருந்துச்சு. கடைசி நாள் கூண்டைக் கட்டறப்ப, "ரெண்டு பேருக்கும் துணை போயாச்சு, எங்க ஊருக்கே வந்துடறீங்களா, கட்டிக்கலாம்"னு கேட்டீங்க. "வந்தாலும் வருவேன், வராட்டியும் வராம இருப்பேன்"னு சொன்னேன். உங்க மூஞ்சி தொங்கிப்போச்சு. எங்க ஊர்ல அதைவிட நல்ல பதில் யாரும் சொல்ல மாட்டாங்க ஐயா. நார்மண்டியில பொறந்தவங்க வாயிலேருந்து "ஆமா"வும் வராது, "இல்ல"யும் வராது. என் ஞானஸ்நானத்துல பாதிரியார் கேக்கறப்பகூட எங்க அப்பா "பார்க்கலாம்"னு சொன்னதா பேச்சு.

வர்றதுல எனக்கு ஒரு சிக்கல் இருக்கு. அது என் அலமாரி.

நான் பொறந்த வாரத்துல அப்பா வீட்டுக்குப் பின்னாடி நின்ன ஓக் மரத்தை வெட்டினார். எங்க பக்கத்துல பொண்ணு பொறந்தா அப்படித்தான். பலகை பதினெட்டு வருஷம் காயும், பொண்ணு பதினெட்டு வருஷம் வளரும். ரெண்டும் ஒண்ணா வெளிய போகும். அப்பா தச்சர் இல்ல, மாடு வளக்கிறவர்தான். ஆனாலும் மேல் மகுடத்துல இருக்கற ரெண்டு புறாவையும் அவரே செதுக்கினார். ஒரு புறா கொஞ்சம் வாத்து மாதிரி இருக்கும். கதவுல கோதுமைக் கதிர், ஆப்பிள், ஒரு பூக்கூடை. ஆப்பிள் மட்டும் அச்சு அசல்.

பொண்ணு கல்யாணம் கட்டிப் போறப்ப அலமாரி முன்ன போகும். வண்டியில துணிமணியோட, தையல்காரி அது மேல உக்காந்து, வழியில நிக்கற குமரிப் பொண்ணுங்களுக்கு ராசின்னு ஊசி வீசிக்கிட்டே போவா. புகுந்த வீட்டுல அது நேரா நின்னுச்சுன்னு சேதி வந்தப்புறம்தான் பொண்ணு வாசல் தாண்டுவா. சாய்ஞ்சு நின்னா வாழ்க்கையும் சாயும்னு எங்க நம்பிக்கை. சாவி மட்டும் பொண்ணு கையில. அதை அவதான் கொண்டு போய்ப் புருஷன் கையில கொடுக்கணும்.

அம்பத்தொம்பது வயசுக்காரிக்கு இது எதுக்குன்னு கேப்பீங்க. கேக்காதீங்க. என் அலமாரி ஏழே கால் அடி. உங்க வீட்டுக் கூரை எவ்வளவு உசரம்னு அளந்து எழுதுங்க. நேரா நிக்கற இடம் இருந்தா மேல பேசலாம்.

ஃபிலோமென் லெகாஷோ


லெ வெர்னே, பிரெஸ்
20 பிப்ரவரி 1927

ஃபிலோமென் அம்மாவுக்கு,

அந்தெல்ம் எழுதறேன். உங்க கடிதாசிய மருமக ஜொசெஃப்த் வாங்கிக் கையில கொடுத்துட்டு, நான் படிக்கிற வரைக்கும் அடுப்பங்கரையில நகராம நின்னா. "என்ன மாமா, வராங்களா?"ன்னு கேட்டா. "வந்தாலும் வருவாங்க"ன்னேன். "அப்ப பழைய பானையெல்லாம் எடுத்து வைக்கிறேன்"னுட்டுப் போறா. தாரம் இழந்தவன் மறுபடி கட்டிக்கிட்டா ஊரே பானை தட்டி மானத்தை வாங்கும் இங்க. உங்க ஊர்லயும் உண்டா?

கூரையை அளந்துட்டேன். ஏணி போட்டு ஏறி, கயிறு விட்டு அளந்தேன். ஏழரை அடி. தாராளம். அலமாரியை அனுப்புங்க.

ஒரு விஷயம் மறைக்கக் கூடாது. எங்க வீட்டுல ஏற்கெனவே ஒரு அலமாரி இருக்கு. செத்துப்போன என் சம்சாரம் கிளாவ்தினுது. எங்க பக்கத்து அலமாரிக்கு ரெண்டு மரம். சட்டம் அக்ரூட், சிவப்பு. நடுப்பலகை ஆஷ்ங்கற மரத்தோட முடிச்சுல அறுத்தது, மஞ்சளா, புள்ளி புள்ளியா, வெண்ணெய்ல தேன் ஊத்தின மாதிரி இருக்கும். எங்களை வெளியூர்க்காரங்க 'மஞ்ச வயித்துக்காரங்க'ன்னு சொல்வாங்க, மக்காச்சோளக் கஞ்சி குடிக்கிறதால. அலமாரிக்கும் வயிறு மஞ்சள்தான். புறா கிறா கிடையாது. அதை நகத்தறதா வேண்டாமான்னு நீங்க சொல்லுங்க. எனக்குச் சொல்லத் தெரியல.

எங்க தாத்தா ஒரு கதை சொல்வார். ஆதியில அலமாரியே கிடையாதாம், பெட்டிதானாம். அரசனுக்கும் பெட்டி, ஆண்டிக்கும் பெட்டி. கோயில்ல மட்டும் பாதிரியார் அங்கி மடங்காம இருக்க நின்ன மாதிரி ஒண்ணு இருந்துதாம். அப்புறம் சீமானுங்க வாளும் கவசமும் வைக்கக் கேட்டு வாங்கினாங்களாம். நம்மகிட்ட பெட்டிதான். அடியில இருக்கற சட்டை வேணும்னா மேல இருக்கற எல்லாத்தையும் வாரி வெளியே போடணும். ஒருத்திக்கு இடுப்பு வலி. தினம் குனிஞ்சு குனிஞ்சு அலுத்துப்போய் ஒரு நாள் பெட்டியைத் தூக்கி நிமித்தி வச்சாளாம். மூடி கதவாயிடுச்சு. "இனிமே நீயும் நில்லு, நானும் நிக்கறேன்"னு பெட்டியைப் பார்த்துச் சொன்னாளாம். தாத்தா சொன்னது. அவர் ஆத்துல முதலை பார்த்ததாகவும் சொல்வார்.

சீக்கிரம் அனுப்புங்க.

அந்தெல்ம் புஜா


மோன்வில்
8 மார்ச் 1927

அந்தெல்ம் ஐயாவுக்கு,

அலமாரி நேத்து ரயில் ஏறிடுச்சு. நான் மேடையில நின்னு கை ஆட்டினேன், ஸ்டேஷன் மாஸ்டர் சிரிச்சார். சிரிக்கட்டும்.

பானை தட்டறது எங்க ஊர்லயும் உண்டு. தட்டினா நானும் கூட நின்னு தட்டுவேன்னு ஜொசெஃப்த்கிட்ட சொல்லுங்க.

கழட்டறதுக்கு வண்டிக்கார குஸ்தாவ் வந்தான். ஆணி ஒண்ணுகூட இல்லாத பொருள் அது, எல்லாம் மர முளைதான். முளையைத் தட்டி எடுத்தா மகுடம் தனி, கதவு தனி, பக்கம் தனி. ஒவ்வொரு பொருத்துலயும் அப்பா உளியால கோடு கிழிச்சிருக்கார். ஒரு கோடு ஒரு கோட்டோட, ரெண்டு கோடு ரெண்டு கோட்டோட. தயவுசெஞ்சு யாரும் ஆணி அடிச்சிடாதீங்க.

குஸ்தாவ் நாடு பூரா சாமான் ஏத்தினவன். வேலையைவிட வாய் அதிகம். "நார்மண்டிக்காரிக்குத்தான் இவ்வளவு பவுசு அக்கா"ங்கறான். "பிரெத்தாஞ் பக்கம் போனா அலமாரி பூரா பித்தளை ஆணி, வெயில் பட்டா கண் கூசும். அல்சாஸ்ல மரம் மட்டம், அதனால மேல பூவா வரைஞ்சு தள்ளுவான், நீலம் பச்சை சிவப்புன்னு, உள்ள ஒரு பெட்ஷீட் இருக்காது. லொரேன்ல கதவுல நட்சத்திரம் இழைச்சிருப்பான். ப்ரொவான்ஸ்காரன் அலமாரிக்கு எல்லாமே வளைவு, நேர்க்கோடே தெரியாது, அவன் பேச்சு மாதிரி."

"பிரெஸ் அலமாரி?"ன்னு கேட்டேன், சும்மா கேக்கற மாதிரி.

"அது நல்ல அலமாரி அக்கா. பார்த்தாப் பசிக்கும்"னான்.

கிளாவ்தின் அலமாரியை நகத்தாதீங்க. அது இருந்த இடத்துலயே இருக்கட்டும். என்னுது எதிர்ல நிக்கட்டும். ரெண்டும் ஒண்ணையொண்ணு பார்த்துக்கட்டும். உங்களைப் பத்திப் பேசிக்க அதுங்களுக்கு நிறைய இருக்கும்.

சாவி என் இடுப்புல இருக்கு. நேரா நின்னதும் எழுதுங்க. நான் வழி பார்த்துக்கிட்டிருக்கேன்னு எழுத மாட்டேன், எங்க ஊர்ல அப்படி எழுதறதில்ல.

ஃபிலோமென்


லெ வெர்னே
24 மார்ச் 1927

ஃபிலோமென் அம்மாவுக்கு,

அலமாரி நிக்குது. நேரா நிக்குது.

இங்க மழை. ஒரு வாரமா விடாம பெய்யுது. சாலையெல்லாம் சேறு. பக்கத்துப் பண்ணை பெனுவா வண்டி பள்ளத்துல இறங்கி, ஆறு பேர் தூக்கினோம். போன வருஷம் இதே நாள்ல பனி விழுந்துச்சு. அதுக்கு முந்தின வருஷம் நல்ல வெயில். சேவல்ல ரெண்டு கொழுத்திருக்கு. மருமகளுக்குப் பல்வலி, இப்ப தேவலை. உங்க ஊர் மாதிரி ஆப்பிள் மரம் இல்ல எங்ககிட்ட, பிளம் மரம் ஒண்ணு மொட்டு விட்டிருக்கு.

ஒண்ணு கேக்கணும். உங்க அலமாரிக்குக் கால் நாலும் அறுத்திருக்கே. அடியில ரம்பம் போன தடம் தெரியுது. மேல எவ்வளவு அழகா இருக்கு, கீழ கட்டை மாதிரி நிக்குது. யார் அறுத்தா?

அந்தெல்ம்


மோன்வில்
1 ஏப்ரல் 1927

அந்தெல்ம் ஐயாவுக்கு,

என் அலமாரிக்கு நாலு வார்த்தை. மழைக்கு நாப்பது. மூணு வருஷத்து வானிலை எழுதற ஆள் எதையோ மறைக்கிறார்னு எங்க ஊர்ல சின்னக் குழந்தைக்கும் தெரியும். மாடு வாங்கப் போறப்ப, விக்கிறவன் வானத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நாங்க மாட்டோட பின்னங்காலைப் பார்ப்போம்.

நிக்குதுங்கறீங்க. எங்க நிக்குது?

கால் விஷயம் கேட்டிருந்தீங்க. அதுக்கு இப்ப பதில் இல்ல.

ஃபிலோமென்


லெ வெர்னே
9 ஏப்ரல் 1927

ஃபிலோமென் அம்மாவுக்கு,

மாட்டுக் கொட்டாய்ல நிக்குது.

திட்டறதை முழுசாப் படிச்சுட்டுத் திட்டுங்க. நான் கூரையை அளந்தேன்ல, விட்டத்துக்கும் விட்டத்துக்கும் நடுவுல அளந்துட்டேன். கயிறு விட்ட இடத்துல ஏழரை அடிதான். ஆனா எங்க வீட்டு விட்டம் ஒவ்வொண்ணும் ஒரு ஆள் தொடை தண்டி. அதுக்கடியில ஏழடிக்கும் கொறைவு. அந்த விட்டத்துலதான் ஆயுசு பூரா சோளக்கதிர் தொங்கவிடறேன். ஆயுசு பூரா தலையிலயும் இடிச்சுக்கறேன். அளக்கறப்ப மட்டும் அது கண்ணுல படல.

பெனுவாவும் நானும் கோடு பார்த்துக் கோடு பார்த்துப் பொருத்தினோம். மகுடத்தைத் தூக்கி வைக்கப் போறோம், புறா போய் விட்டத்துல முட்டுது. பெனுவா வீட்டுக்குப் போய் ரம்பம் எடுத்துட்டு வந்தான்.

"கால்ல இன்னும் கொஞ்சம் எடுத்துடலாம், ஏற்கெனவே அறுத்ததுதானே"ன்னான்.

"வேணாம்"னேன்.

"சரி, புறாவை எடுத்துடு. அதுல ஒண்ணு வாத்துதான்."

"பெனுவா, ரம்பத்தை எடுத்துக்கிட்டு நீ வெளிய போ"ன்னேன். நாப்பது வருஷ சிநேகிதம், அவன்கிட்ட அப்படி நான் பேசினதே இல்ல. அவன் போய்ட்டுச் சாயங்காலம் ஒரு பாட்டிலோட திரும்பி வந்தான்.

இந்தப் பண்ணையில அலமாரி முழுசா நிமிந்து நிக்கற உசரம் கொட்டாய்ல மட்டும்தான் இருக்கு. அதனால அங்க நிறுத்தினோம். நேரா நிக்குதுன்னு எழுதினது பொய்யில்ல. எங்கன்னு எழுதலை, அது தப்பு. நீங்க வராம போயிடுவீங்களோன்னு பயம்.

இன்னொண்ணும் இருக்கு. சாவி உங்ககிட்ட, அதனால கதவைக் கயித்தால கட்டி வச்சேன். கயிறு தளந்திருக்கு. என் வெள்ளைக்கோழி ஒண்ணு உள்ள போய், ரெண்டாம் தட்டுல வைக்கோலை இழுத்துப் போட்டு முட்டை வச்சிருக்கு. பதினோரு முட்டை. நேத்திலேருந்து அடைகாக்க உக்காந்துட்டா. கையை நீட்டினா கொத்தறா. அடை உக்காந்த கோழியை எழுப்பறதா? நீங்களே சொல்லுங்க, நீங்க கோழிக்காரங்க. இருபத்தொரு நாளைக்கு உங்க அலமாரியை அசைக்க முடியாது.

இதுதான் நடந்தது. இனி திட்டுங்க.

அந்தெல்ம்


லெ வெர்னே
24 ஏப்ரல் 1927

ஃபிலோமெனுக்கு,

ஈஸ்டர் வந்து போயிடுச்சு. உங்ககிட்டேருந்து ஒரு வரி இல்ல. தபால்காரர் எங்க வாசலைப் பார்க்காமலே சைக்கிள்ல போறார், அவருக்கே சங்கடமா இருக்கு.

ஜொசெஃப்த் பானையெல்லாம் திரும்ப அடுக்கிட்டா. சத்தம் வராம அடுக்கினா, அதுதான் எனக்கு வலிச்சுது.

சும்மா உக்காந்திருக்க முடியாம ஒரு காரியம் பண்ணினேன். எங்க வீட்டுத் தரை மண் தரை. எங்க அப்பா, தாத்தா, எல்லாரும் மிதிச்சு மிதிச்சு இரும்பா ஆன தரை. கிளாவ்தின் அலமாரிக்கு எதிர்ல அளந்து கோடு போட்டு, மண்வெட்டி எடுத்துத் தோண்டிட்டேன். ஒரு சாண் ஆழம். அலமாரி அளவுக்கு நீளம், அகலம், முன்னாடி கதவு திறக்க இடம். ஓரத்துல செங்கல் கட்டினேன். ஈரம் ஏறக் கூடாதுன்னு அடியில கரி கொட்டி, மேல நாலு ஸ்லேட் கல் போட்டேன். ரசமட்டம் வச்சுப் பார்த்துட்டேன், இம்மியும் சாயல.

பெனுவா வந்து பார்த்தான். "வீட்டுக்குள்ள யாரைப் புதைக்கப் போற?"ன்னு கேட்டான். "யாரும் சாகல, ஒருத்தி வரப் போறா"ன்னேன். "வருவாளா?"ன்னான். "வந்தாலும் வருவா"ன்னு சொல்லிட்டேன். எனக்கும் உங்க ஊர் பாஷை ஒட்டிக்கிச்சு.

பொருளை வீட்டுக்குத் தக்கபடி வெட்டறது சுலபம்னு எல்லாரும் சொல்றாங்க. உங்க அப்பா செதுக்கின புறாவை நான் தினம் பால் கறக்கப் போறப்ப பார்க்கறேன். அந்த வாத்து மாதிரி இருக்கறதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு.

கோழி இன்னும் அஞ்சு நாள்ல எழுந்துடுவா. அப்புறம் அலமாரியைக் கழுவி, துடைச்சு, வீட்டுக்குள்ள கொண்டு வரேன். நீங்க வராட்டி, சொல்லுங்க, கழட்டிக் கோடு மாறாம கட்டி ரயில்ல திருப்பி அனுப்பறேன். குழியை மூடிடலாம். அது ஒரு நாள் வேலை.

அந்தெல்ம்


மோன்வில்
30 ஏப்ரல் 1927

என்னங்க,

மூணு வாரம் எழுதாம இருந்தது கோவத்துல இல்ல. மொதல் ரெண்டு நாள் கோவம்தான், மறைக்கலை. என் புறாங்க மாட்டுச் சாணி வாடையில நிக்குதுன்னு லூசிகிட்ட சொல்லி அழுதேன். அப்புறம் கோழி அடை உக்காந்ததைப் படிச்சேன். சிரிப்பு வந்துடுச்சு. லூசி என்னைப் பைத்தியம்னா. அடைக்கோழியை நீங்க எழுப்பியிருந்தா நான் இந்தக் கடிதாசியே எழுதியிருக்க மாட்டேன்.

எழுதாததுக்குக் காரணம் அந்த அறுத்த கால். நீங்க கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வாய் வரல. முப்பத்தொம்பது வருஷமா யாரும் அதைக் கேட்டதில்ல. எல்லாரும் மேல இருக்கற புறாவைத்தான் பார்ப்பாங்க.

நான் கல்யாணம் கட்டி யூஜென் வீட்டுக்குப் போன அன்னிக்கு அந்த வீட்டுக் கூரையும் தாழ்வுதான். ஆனா எனக்கு நேரா நிக்குதுன்னுதான் சேதி வந்துச்சு. நம்பிப் போனேன். வண்டியிலேருந்து இறங்கறேன், வாசல்ல மரத்தூள். மாமனார் கையில ரம்பம். மூணு கால் அறுத்தாச்சு, நாலாவது பாதியில. யூஜென் நல்ல மனுஷர்தாங்க. முப்பத்திரெண்டு வருஷம் என்னை ஒரு வார்த்தை கடிஞ்சதில்ல. ஆனா அன்னிக்கு அலமாரி ஆடாம ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நின்னார். அது மட்டும் எனக்கு மறக்கல. அதுக்குத்தான் உங்ககிட்ட உசரம் கேட்டேன். அதுக்குத்தான் எங்க நிக்குதுன்னு அவ்வளவு கறாராக் கேட்டேன்.

நேத்து உங்க குழிக் கடிதாசி வந்துச்சு. மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு நின்னேன், அங்கேயே பிரிச்சுப் படிச்சேன். மாடு குடிச்சு முடிச்சுட்டு என்னையே பார்த்துக்கிட்டு நின்னுச்சு. அங்க காலை வெட்டினாங்க. நீங்க தரையை வெட்டியிருக்கீங்க. உங்க அப்பா, தாத்தா மிதிச்ச தரையை.

குழியை மூடாதீங்க. இன்னும் ஒரு சாண் தோண்டுங்க.

ஏன்னா அறுத்த நாலு துண்டும் என்கிட்ட இருக்கு. அன்னிக்கே மரத்தூளைத் தட்டி எடுத்துப் பாவாடையில முடிஞ்சு வச்சேன். நத்தை ஓடு மாதிரி சுருட்டிச் செதுக்கின கால், ஒவ்வொண்ணும் ஒரு சாண். துணிக்கு நடுவுலயே இத்தனை வருஷமும் கிடந்துச்சு. ஓக் மரம், ஒண்ணும் ஆகல. முளை வச்சுக் கோத்துடலாம். கூடையில போட்டு நானே கையில எடுத்துட்டு வரேன், ரயில்காரங்களை நம்ப மாட்டேன். பெனுவாவை ரம்பம் இல்லாம வரச் சொல்லுங்க.

மே மாசத்துல கல்யாணம் ஆகாதும்பாங்க. ஜூன் ரெண்டாம் தேதி சாயங்கால வண்டிக்கு வரேன். சனிக்கிழமை கோயில்ல வச்சுக்கலாம். நேரா நின்னுச்சான்னு சேதி அனுப்ப வேணாம். சாய்ஞ்சிருந்தா வந்து நானே நிமித்திக்கறேன். அதுக்குள்ள குஞ்சுங்களுக்கு இறகு முளைச்சிருக்கும். அதுல ஒண்ணு எனக்கு, இப்பவே சொல்லிட்டேன். என் தலைக்கனம் பிடிச்ச புள்ளிக்கோழியையும் கொண்டு வரேன், உங்க சேவல் பார்த்துக்கட்டும்.

சாவியை இந்த உறைக்குள்ள வச்சிருக்கேன். நான்தான் கையில கொண்டு வந்து தரணும்னு முறை. இருக்கட்டும். கயிறு கட்டின கதவை நினைச்சா மனசுக்குப் பொறுக்கல.

ஜொசெஃப்த்கிட்ட பானையை எடுத்து வெளிய வைக்கச் சொல்லுங்க. சத்தமா.

பாரிசுல கூண்டு கட்டறப்ப ஒண்ணு கேட்டீங்களே. அதுக்கு ஆமா.

உங்க ஃபிலோமென்